என்ஜின்எக்ஸ் சர்வரில் பிஎச்பி ஓட வைப்பது எப்படி?

என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வருக்குப் பிஎச்பி மொழி தெரியாது. பிஎச்பி கோப்பை யாராவது கேட்டால், வேலையை எஃப்பிஎம் என்ற தனி சேவையிடம் தள்ளிவிட்டு, அது தருவதை வாங்கி பிரௌசருக்கு அனுப்பும். கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டும் பேசிக்கொள்ள முடியாமல் வருபவைதான். உபுண்டு 24.04இல் ஆப்ட் வழியாக என்ஜின்எக்ஸ் போட்டவர்களுக்கான வழி இது.

முதலில் டெர்மினலில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பிஎச்பி-எஃப்பிஎம்'. வெறும் 'பிஎச்பி' என்று கொடுத்துவிடாதீர்கள். அப்பாச்சியும் கூடவே வந்து 80ஆம் போர்ட்டுக்கு மல்லுக்கட்டும். முடிந்ததும் /ரன்/பிஎச்பி அடைவைப் பாருங்கள். 'பிஎச்பி8.3-எஃப்பிஎம்.சாக்' என்று ஒரு கோப்பு இருக்கும். அதுதான் சாக்கெட், என்ஜின்எக்ஸும் எஃப்பிஎம்மும் பேசிக்கொள்ளும் வழி. பெயரை எழுத்து பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து /இடிசி/என்ஜின்எக்ஸ்/சைட்ஸ்-அவைலபிள்/டிஃபால்ட் கோப்பை 'சூடோ நானோ' கொண்டு திறங்கள். 'இன்டெக்ஸ்' வரியில் இன்டெக்ஸ்.பிஎச்பியைச் சேருங்கள். சற்றுக் கீழே பிஎச்பிக்கான 'லொகேஷன்' பகுதி # குறிகளோடு தயாராக இருக்கும் (# இருக்கும் வரி செயல்படாது). நான்கு வரிகளில் மட்டும் # எடுக்க வேண்டும்: லொகேஷன் தொடங்கும் வரி, இன்க்ளூட் வரி, யூனிக்ஸ் சாக்கெட்டைச் சொல்லும் ஃபாஸ்ட்சிஜிஐ_பாஸ் வரி, கடைசியில் } அடைப்பு. 127.0.0.1:9000 வரி அப்படியே கிடக்கட்டும். அதையும் திறந்தால் 'டூப்ளிகேட்' பிழை வரும். சாக்கெட் வரியில் பழைய பதிப்பெண் இருந்தால் 8.3 என்று மாற்றுங்கள். பலரும் சறுக்கும் இடம் இதுதான்.

சேமித்துவிட்டு, பிழை இருக்கிறதா என்று பார்க்க 'சூடோ என்ஜின்எக்ஸ் -டி' (ஆங்கிலச் சின்ன t). 'எக்ஸ்பெக்டிங் }' என்று வந்தால் மூடும் அடைப்பின் # இன்னும் போகவில்லை. எல்லாம் சரி என்று வந்த பிறகே 'சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீலோட் என்ஜின்எக்ஸ்'.

சோதிக்க, /வார்/டபிள்யுடபிள்யுடபிள்யு/ஹெச்டிஎம்எல் அடைவில் 'பிஎச்பிஇன்ஃபோ()' அழைக்கும் ஒரு வரிக் கோப்பு போதும். பிரௌசரில் திறந்து பார்த்த கையோடு அழித்துவிடுங்கள். சர்வரின் அமைப்பு முழுவதையும் அது ஊருக்கே காட்டும்.

பக்கம் திறக்காமல் கோப்பு டவுன்லோட் ஆகிறதா? லொகேஷன் பகுதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. # போனதா, ரீலோட் செய்தீர்களா என்று பாருங்கள். 502 பிழை வந்தால் /வார்/லாக்/என்ஜின்எக்ஸ்/எரர்.லாக் கோப்பின் கடைசி வரியைப் படியுங்கள். அதில் அடைப்புக்குறிக்குள் 2 என்ற எண் இருந்தால் அந்தப் பெயரில் சாக்கெட்டே இல்லை: பதிப்பெண் தவறு, அல்லது எஃப்பிஎம் ஓடவில்லை. 13 என்றால் சாக்கெட் இருக்கிறது, அனுமதி இல்லை. எஃப்பிஎம்மின் டபிள்யுடபிள்யுடபிள்யு.கான்ஃப் கோப்பில் 'லிசன்.ஓனர்' என்பதற்கு நேரே, என்ஜின்எக்ஸ் ஓடும் பயனரான 'டபிள்யுடபிள்யுடபிள்யு-டேட்டா' இருக்க வேண்டும். திருத்தினால் எஃப்பிஎம்மையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.