கோஸ்ட் இமேஜிங்கில் படம் தெளியவில்லையா? பேட்டர்னைக் கூட்டாதீர்கள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் பின்னேரமானால் பனிமூட்டம் ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும். அந்த அறையில்தான் பழைய புரொஜெக்டர், வெளிச்சத்தை அளக்கும் ஒரு போட்டோடயோட், அதன் அளவை எண்ணாக மாற்றும் அர்டுயினோ ஊனோ என்ற சின்ன போர்டு, அட்டையில் வெட்டிய ‘அ’ எழுத்து, இவ்வளவையும் வைத்து கோஸ்ட் இமேஜிங் செய்யப் பார்த்தேன். பேய் பிடிக்கிற வேலையா என்று அப்பாயி கேட்டார்.

கேமரா கிடையாது. 2008இல் ஜெஃப்ரி ஷப்பீரோ என்ற ஆய்வாளர் முன்வைத்த யோசனைதான்: நமக்குத் தெரிந்த பேட்டர்ன்களை (கறுப்பு வெள்ளைக் கட்டங்களின் கோலங்களை) ஒவ்வொன்றாகப் பொருளின் மேல் அடித்து, ஒவ்வொரு தடவையும் மொத்தமாக எவ்வளவு வெளிச்சம் கடந்து வந்தது என்ற ஒரே எண்ணை அளந்து, இரண்டையும் பொருத்திப் படத்தை மீட்பது.

படம் கரகரவென்று வந்தால் எல்லோரும் செய்வது பேட்டர்னைக் கூட்டுவது. நானும் அதைத்தான் செய்தேன். நாலு மடங்கு கூட்டினால் தெளிவு இரண்டு மடங்குதான் ஏறும், அதுவும் அளவீடு ஒழுங்காக இருந்தால். என்னுடையது ஒழுங்காக இல்லை.

கணக்கைப் பாருங்கள். எழுத்தின் ஓட்டை 1000 பிக்சல் என்றால், கட்டங்கள் தற்செயலாகக் கறுப்போ வெள்ளையோ ஆகும் ரேண்டம் பேட்டர்ன் ஒவ்வொன்றிலும் சராசரியாக 500 பிக்சல் ஒளிரும், ஏற்ற இறக்கம் 16 அளவுதான். அதாவது படம் முழுக்க அந்த 3 சதவீதத்துக்குள் ஒளிந்திருக்கிறது. கரண்ட் கொஞ்சம் தாழ்ந்தாலோ, லென்ஸில் பனி படிந்தாலோ அது மூழ்கிவிடும். அதனால் முதலில் வெறும் வெள்ளைத் திரையைப் பத்து நிமிஷம் போட்டு, எண் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள்.

ரேண்டமை விட்டுவிட்டு, ஒன்றோடொன்று கலக்காதபடி கணக்குப் போட்டு அமைத்த ஹடமார்ட் பேட்டர்னுக்குப் போங்கள். ஒவ்வொன்றையும் அதன் எதிர்ப் பேட்டர்னோடு (கறுப்பும் வெள்ளையும் இடம் மாறியது) அடுத்தடுத்துப் போட்டுக் கழித்தால், அறை வெளிச்சமும் மெதுவாக நகரும் பிழையும் பெரும்பாலும் போய்விடும். படம் 64க்கு 64 பிக்சல் என்றால் 8192 தடவை. முதலில் 32க்கு 32 போதும், 2048தான்.

பலர் கோட்டைவிடும் இடம் நேரம். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பல்ப் விநாடிக்கு 100 தடவை துடிக்கும்; புரொஜெக்டர் 60 ஃபிரேம். 50 மில்லி விநாடிக்குச் சராசரி எடுத்தால் 3 ஃபிரேமும் 5 துடிப்பும் முழுசாக அடங்கும். நான் பேட்டர்னுக்கு 6 ஃபிரேம் விட்டேன்: முதல் இரண்டை, பேட்டர்ன் மாறி நிலைக்க நேரம் வேண்டும் என்று தள்ளிவிட்டு, அடுத்த மூன்றை அளந்தேன்.

அப்புறம், புரொஜெக்டரின் தானியங்கி கான்ட்ராஸ்ட்டை அணைத்துவிடுங்கள், சாம்பல் நிறம் வேண்டாம், கறுப்பு வெள்ளை மட்டும். டயோட் உச்சத்தில் முட்டாமலும் பாருங்கள்: ஊனோ காட்டும் எண்ணுக்கு 1023தான் எல்லை, ஹடமார்டில் முதலில் வருவது முழு வெள்ளை.

கடைசியாக, மங்கலான படத்தைத் தெளிவாக்க உதாரணங்களைக் காட்டிப் பழக்கும் நியூரல் நெட்வொர்க். அதையும் அப்படியே நம்பாதீர்கள். இலக்கங்களை மட்டும் காட்டிப் பழக்கிய ஒன்றிடம் மங்கலான கொழுந்து இலையைக் கொடுத்துப் பாருங்கள், பளிச்சென்று ஒரு 8 வந்து நிற்கும்.