மூடிக் கிடந்த அருங்காட்சியகத்தைத் திறக்கப் போகிறீர்களா? முதலில் அந்த மருந்துத் தெளிப்பானைக் கீழே வையுங்கள்

எங்கள் சின்ன அருங்காட்சியகத்தின் கதவைத் திறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. ஏப்ரலில் பூட்டினோம், கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்து இந்த 2021 ஜூலை முதல் வாரத்தில் திறந்தோம். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகம் போல எங்களிடம் ஆள்பலம் கிடையாது. மூன்று அறை, ஒரு தாழ்வாரம், முற்றத்தில் நான்கு நடுகல், பராமரிக்க நான், ஒரு காவலாளி அண்ணன், பெருக்க ஓர் அக்கா. அவ்வளவுதான். இதே அளவில் இடம் வைத்திருக்கும் இரண்டு பேர் போன் செய்து "எப்படித் திறந்தீங்க?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் முக்கால் மணி நேரம் பேசித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் நான் செய்த தப்பு. திறப்பதற்குப் பத்து நாள் முன்பு, "எல்லாத்தையும் கிருமி இல்லாம பண்ணிடணும்" என்ற வேகத்தில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தரையை மெழுகினேன். அதோடு விட்டிருக்கலாம். அதே துணியால் மூலையில் இருந்த பழைய வெண்கல விளக்கையும் ஒரு துடை துடைத்தேன். ஒரு வாரத்தில் விளக்கின் கழுத்தில் வெளிர்பச்சைப் பொடி பூத்தது. விரலில் தொட்டால் மாவு மாதிரி ஒட்டியது. விவரம் தெரிந்தவரிடம் கேட்டபோது சொன்னார்: பிளீச்சிங் கரைசலில் உள்ள குளோரைடு உலோகத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் அரித்துக்கொண்டே இருக்கும். இப்போது அந்த விளக்கு இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு கிடக்கிறது. நூறு வருஷம் தாங்கியதை நான் ஒரு துடைப்பில் நோயாளி ஆக்கிவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள், மூன்று மாதம் யாரும் தொடாத விளக்கில் கொரோனா எங்கிருந்து வரும்? பிளாஸ்டிக்கிலும் எஃகிலும் கூட இந்தக் கிருமி பெரும்பாலும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்குவதில்லை என்றுதான் ஆய்வில் சொல்கிறார்கள். பூட்டிக் கிடந்த பொருளுக்கு மருந்தே வேண்டாம். திறந்த பிறகு யாராவது தொட்டுவிட்டாலும் அதைத் தனியாக எடுத்து ஒரு வாரம் சும்மா வைத்தால் போதும். பிளீச்சிங், சானிடைசர் எல்லாம் மனிதர்கள் கை வைக்கும் இடத்துக்கு மட்டும்: தாழ்ப்பாள், மாடிப்படிக் கைப்பிடி, பெஞ்ச், கழிப்பறைக் குழாய். அங்கேயும் தெளிக்காதீர்கள், துணியில் நனைத்துத் துடையுங்கள். தெளித்தால் சாரல் காற்றில் போய் எங்கே உட்காரும் என்று தெரியாது. நாணயப் பெட்டியின் மூடி அக்ரிலிக் (கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக்) என்றால் சானிடைசர் படவே கூடாது, மயிரிழை மயிரிழையாக விரிசல் விடும். மெருகு பூசிய பழைய மரத்தில் பட்டால் வெள்ளைத் திட்டு விழும். அக்ரிலிக்குக்குச் சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணி, மரத்துக்குக் காய்ந்த துணி.

அப்புறம் காற்று. மூன்று மாதம் அடைத்த அறையைத் திறந்தவுடன் எல்லா ஜன்னலையும் விரியத் திறக்கத் தோன்றும். வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, ஜூலை என்றாலும் பதினொரு மணிக்கு அனல்தான். அந்த அனலை உள்ளே விட்டால் ஓலைச்சுவடி அப்பளம் மாதிரி ஆகிவிடும். காலை ஆறிலிருந்து எட்டு வரை திறந்தோம், பிறகு வெயில் பக்க ஜன்னலை மூடினோம். இப்படி ஒரு வாரம். சுவடிக் கட்டை வெயிலில் காய வைக்கவே கூடாது. நிழலில் கயிற்றைத் தளர்த்தி, பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, பழைய வசம்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய துண்டுகள் வைத்தேன்.

எங்களிடம் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த தோல் பதனிடும் கத்திகளும் வேலையின்போது உடைக்கு மேல் கட்டிக்கொள்ளும் ஒரு தோல் முன்கட்டும் இருக்கின்றன. கத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்கட்டில் வெள்ளையாகப் பூஞ்சணம். ஒரு நாள் மழை பெய்து, அறை அடைத்தே கிடந்ததன் பலன் அது. எண்ணெய் தேய்க்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு வெளியே நிழலில் வைத்து மெல்லிய பிரஷ்ஷால் தட்டினால் போய்விடும்.

ஆட்கள் விஷயம் இதைவிடச் சுலபம், ஆனால் சிரிப்பான சிக்கல்கள் வரும். நெற்றிக்கு நேராகப் பிடிக்கும் வெப்பமானி வாங்கினோம். முதல் நாள் சத்துவாச்சாரியிலிருந்து ஸ்கூட்டரில் வந்த ஓர் அம்மாவுக்கு 100.8 காட்டியது. அவர் முகமே மாறிவிட்டது. வேப்ப மரத்தடி பெஞ்சில் பத்து நிமிஷம் உட்கார வைத்துப் பார்த்தோம், 97.9. காய்ச்சல் இல்லை, வெயில்தான். அன்றிலிருந்து யார் வந்தாலும் முதலில் நிழல், பிறகுதான் கருவி. கருவியையும் வெயிலில் வைக்காதீர்கள், அதுவும் உளறும்.

கை கழுவும் இடத்தை வெளி கேட்டிலேயே வையுங்கள். அறை வாசலில் வைத்தால் ஈரக் கையோடு நேராகக் கண்ணாடிப் பெட்டியில் சாய்வார்கள். கேட்டிலிருந்து அறைக்கு முப்பது அடி நடப்பதற்குள் கை காய்ந்துவிடும். காலால் அமுக்கும் சானிடைசர் ஸ்டாண்டு ஒன்று கொடையாக வந்தது. பெரியவர்களைவிடப் பிள்ளைகள்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள், ஒவ்வொரு பிள்ளையும் ஆறு தடவை. பானைத் தண்ணீரை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. டம்ளரை எடுத்துவிட்டு, குழாய் வைத்த பானையும் காகிதக் கோப்பையும் வைத்தோம்.

இடைவெளிக்கு அடையாளம் போடுவதில் ஒரு பாடம். எங்கள் அக்கா முற்றத்தில் அழகாகக் கோலமாவில் வட்டம் வட்டமாகப் போட்டார். பச்சரிசி மாவு. மறுநாள் காலையில் எறும்பு வரிசை தாழ்வாரம் தாண்டி மர அலமாரி வரை போயிருந்தது. அரிசி மாவைப் பூச்சி தேடி வரும், காட்சிக்கூடம் பக்கமே விடாதீர்கள். ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்தோம், சூட்டில் பசை இளகிச் சிவப்புத் தரையில் அப்பிக்கொண்டது. கடைசியில் செங்கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து ஆறடிக்கு ஒன்றாக வைத்தோம். தூக்கி மாற்றலாம், செலவும் இல்லை.

ஓர் அறைக்கு ஒரே குடும்பம், வேறு ஆள் இருந்தால் வெளியே நிற்கட்டும். வருகைப் பதிவேட்டில் நாமே எழுதிக்கொண்டால் பேனா கை மாறாது. டிக்கெட்டுக்குச் சில்லறை, இல்லையென்றால் ஜிபே. மாஸ்க் போட்டுக்கொண்டு விளக்கம் சொன்னால் வயதானவர்களுக்குக் கேட்காது, கத்தினால் இன்னும் மோசம். அதனால் பொருளுக்குப் பக்கத்தில் உள்ள குறிப்புகளைப் பெரிய எழுத்தில் மறுபடி எழுதி ஒட்டினேன். உண்மையில் இது பத்து வருஷம் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

கூட்டத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம், வராது. வழக்கமாக ஜூலை 10 என்றால், 1806 சிப்பாய்ப் புரட்சி நாள் என்பதால், கோட்டையைப் பார்த்துவிட்டுப் பள்ளிப் பிள்ளைகள் இங்கேயும் வேனில் வந்து இறங்குவார்கள். இந்த வருஷம் பள்ளியே இல்லை. அன்று மொத்தம் ஒன்பது பேர்.

அந்த ஒன்பதில் ஒரு தாத்தா, பேரனோடு வந்தவர். திருவண்ணாமலை, செங்கம் பக்கத்து ஊர்களில் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். மாடு மீட்கப் போய்ச் செத்த வீரனுக்கு எடுத்த கல், அவர்களுக்குச் சாமி. மஞ்சள், குங்குமம் பூசாமல் போக மனசு வராது. சாதாரண நாளிலேயே இது எங்களுக்குப் பெரிய பாடு, இப்போது தொடவே கூடாது என்று கயிறு வேறு கட்டியிருந்தோம். தாத்தா கயிற்றோரம் நின்று, "இன்னாம்மா, கல்லு மேல கை வெக்கக் கூடாதா?" என்றார்.

"கொரோனா காலம் தாத்தா, எல்லாரும் தொட்டா ஒருத்தருக்கு ஒருத்தர் ஒட்டிக்கும். மஞ்சள் பூசிப் பூசி எழுத்தும் மறைஞ்சு போவுது."

"கும்புட்டுக்கலாம் இல்ல?"

"அது தாராளமா."

கயிற்றுக்கு வெளியே இடைவெளி அடையாளத்துக்கு வைத்திருந்த வெள்ளைச் செங்கல்லை ஒரு தடவை பார்த்தார். மடியிலிருந்து இரண்டு அரளிப் பூவை எடுத்து அதன் மேல் வைத்துவிட்டு, பேரனையும் கும்பிடச் சொன்னார். மறுநாள் ஒவ்வொரு நடுகல்லுக்கு முன்னாலும் ஒரு செங்கல் கூடுதலாக வைத்தேன். உங்களிடம் நடுகல் இருந்தால் நீங்களும் வையுங்கள். சாயங்காலம் பூட்டும்போது பூவை மட்டும் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் எறும்பு.