பெங்களூருவில் இன்ஜினியரிங் சீட்: செலவுக் கணக்கு, ஸ்காலர்ஷிப், கடன்

முதல் வருஷ ஃபீஸை மட்டும் வைத்துக் கல்லூரிகளை ஒப்பிடாதீர்கள். ஒரு நோட்டில் கல்லூரிக்கு ஒரு பக்கம். எக்செல்லைவிட இதுதான் நல்லது, வீட்டில் எல்லோரும் புரட்டிப் பார்ப்பார்கள். ஃபீஸ், பரீட்சைக் கட்டணம், லேப்டாப், பஸ் எல்லாவற்றையும் 4 வருஷத்துக்கும் எழுதிக் கூட்டுங்கள். வீடு அல்சூரில், கல்லூரி தூரத்தில் கெங்கேரிப் பக்கம் என்றால் பி.எம்.டி.சி. பஸ் பாஸ் போதுமா, பி.ஜி. (தங்கும் விடுதி) எடுக்க வேண்டுமா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். மொத்தத் தொகையைப் புரட்டிப்போடுவது அதுதான்.

அடுத்தது சீட் வரும் வழி. ஒரே வகுப்பில் சி.இ.டி. (மாநில அரசின் நுழைவுத் தேர்வு), காமெட்கே (தனியார் கல்லூரிகளின் பொது நுழைவுத் தேர்வு), மேனேஜ்மென்ட் (கல்லூரியே நேரடியாகத் தருவது) என்று மூன்று ஃபீஸ் இருக்கும். சி.இ.டி. அரசு சீட்டுக்குப் பிரதான விதி, கர்நாடகத்தில் 7 வருஷமாவது படித்திருக்க வேண்டும் என்பது. பெற்றோரை வைத்துச் சில விலக்குகள் உண்டு. காமெட்கேவுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஃபீஸ்தான் கூட.

ஸ்காலர்ஷிப்புக்கு மாநில எஸ்.எஸ்.பி. தளம், மத்திய அரசின் என்.எஸ்.பி. தளம் இரண்டையும் பாருங்கள். எஸ்.எஸ்.பி.யில் சாதி, வருமானச் சான்றின் ஆர்.டி. எண் (கர்நாடகச் சான்றில் இருக்கும் பதிவு எண்) கேட்கும். தமிழ்நாட்டுச் சான்றில் அது இருக்காது. பெண் பிள்ளைகள் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி ஸ்காலர்ஷிப்பை விடவே கூடாது: குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் வருஷம் 50,000 ரூபாய்.

பலர் சறுக்கும் இடம் பெயரும் பேங்க் கணக்கும். நம் இனிஷியல் பழக்கம் இங்கே வம்பு. மார்க்ஸ் கார்டில் 'கவிதா செல்வராஜ்', ஆதாரில் 'கவிதா எஸ்', பாஸ்புக்கில் 'எஸ் கவிதா' என்றிருந்தால் விண்ணப்பம் சிக்கிக்கொள்ளும். மார்க்ஸ் கார்டைத் திருத்துவது பெரிய அலைச்சல். ஆகவே அதையே அடிப்படையாக வைத்து முதலில் ஆதார், பிறகு பேங்க் என்று மாற்றுங்கள். ஆதாரில் பெயர் மாற்ற ஆயுளுக்கு இரண்டு வாய்ப்புதான், எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள்.

"ஆதார் லிங்க் ஆகிவிட்டது" என்று பேங்கில் சொன்னாலும் திருப்திப்படாதீர்கள். ஸ்காலர்ஷிப் பணம் வர என்.பி.சி.ஐ. மேப்பரில் (எந்த ஆதாருக்கு எந்த பேங்க் என்று காட்டும் பட்டியல்) சீடிங், அதாவது பதிவு, ஆகியிருக்க வேண்டும். ஆதாரின் யு.ஐ.டி.ஏ.ஐ. தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பாருங்கள். அங்கே எந்த பேங்க் காட்டுகிறதோ, பணம் அங்கேதான் போகும். விண்ணப்பத்தில் வேறு கணக்கு எழுதியிருந்தும் பயனில்லை.

மீதிக்குக் கடன். 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. வருஷம் 1.5 லட்சமாக 6 லட்சம் வாங்கி, 10% தனிவட்டி என்றால், 4 வருஷப் படிப்பும், தவணை தொடங்கும் முன் தரும் கூடுதல் 1 வருஷமும் முடியும்போது வட்டி மட்டும் 2.1 லட்சம். ஆக 8.1 லட்சம், 10 வருஷத்துக்கு மாதத் தவணை சுமார் 10,700. படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் 6 லட்சத்தோடு நிற்கும்.

பிறகு சேர்த்தது: மத்திய அரசின் கல்விக் கடன் திட்டமான பி.எம். வித்யாலக்ஷ்மியில் குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3% வட்டிச் சலுகை உண்டு. பட்டியலில் உள்ள கல்லூரிக்கு மட்டுமே. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது.