பாசிப் பையைக் கொண்டு வீட்டிலும் வெளியிலும் காற்று மாசை அறிதல்: பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியினருக்கு

பாசிக்கு (moss) மெய்யான வேர் கிடையாது. பெரும்பாலான இனங்களில் ஒரே செல் தடிமனே உள்ள அதன் இலைகள், தமக்கு வேண்டிய நீரையும் உப்புகளையும் மழையிலிருந்தும் பனியிலிருந்தும் காற்றுத் தூசியிலிருந்தும் நேரடியாக எடுத்துக்கொள்வதால், ஈயம், காட்மியம், துத்தநாகம் போன்ற உலோகங்களும் அவற்றில் தங்கிவிடுகின்றன. 1960களின் பிற்பகுதியில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் ரூலிங்கும் டைலரும் இந்த இயல்பை மாசு அளக்கும் முறையாக வளர்த்தெடுத்தார்கள். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் 2013இல் மரப்பாசியைத் திரட்டி ஆராய்ந்ததால்தான், கண்ணாடித் தொழிற்சாலைகளைச் சுற்றிக் காட்மியம் மிகுந்திருப்பது தெரியவந்தது.

வாளையார், கஞ்சிக்கோடு, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கோடையில் பாசி சுருண்டு கருகிவிடும் என்பதால், வளர்ந்த இடத்தில் தேடுவதைவிட, ஒரே இடத்துப் பாசியைப் பைகளில் இட்டு வேண்டிய இடங்களில் தொங்கவிடுவதே நமக்கு ஏற்ற வழி. இதற்குப் பாசி உயிரோடு இருக்க வேண்டியதில்லை.

மழைக்காலம் முடியும் தறுவாயில், நெடுஞ்சாலையிலிருந்து குறைந்தது 300 மீட்டராவது தள்ளியுள்ள தோப்பில், உரிமையாளரின் இசைவுடன் பாசியை எடுங்கள். காப்புக்காட்டில் கை வைக்க வேண்டாம். சுவரில் வழுக்கும் பச்சைப் படலம் இதற்கு உதவாது. கைக்கண்ணாடியில் பார்த்தால் தண்டும் குட்டி இலைகளும் தனித்தனியே தெரிய வேண்டும். மண்ணையும் பழுத்த அடிப்பகுதியையும் நீக்கி, பச்சை நுனிகளை மட்டும் பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் பலமுறை அலசி, தூசி படாத நிழலில் உலர்த்துங்கள். கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் உள்ள உப்புகள் பாசியில் ஏறிவிடும்.

உலர்ந்த பாசியை நன்றாகக் கலந்து, சுமார் ஒரு கிராம் வீதம், புதிய நைலான் கொசுவலைத் துணியில் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கி அடைத்தால் நடுவில் இருப்பதற்குக் காற்றே படாது. கட்டுவதற்குத் தூண்டில் நரம்பே நல்லது, ஜி.ஐ. கம்பியில் பூசிய துத்தநாகம் பாசிக்கு வந்துவிட்டால், அது சாலையிலிருந்து வந்ததா கம்பியிலிருந்து வந்ததா என்று பிரித்தறிய இயலாது. பித்தளை விளக்குக்கும் குழாய்க்கும் அருகிலும் தொங்கவிட வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, தொங்கவிடாமல் வைத்துக்கொள்ளும் பைகள். அதே கலவையில் மூன்று பைகளை மூடிய கண்ணாடி ஜாடியில் போட்டு இருட்டில் வையுங்கள். இவை இல்லாவிட்டால், பாசியில் ஏற்கெனவே இருந்தது எவ்வளவு, புதிதாகச் சேர்ந்தது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. செலவழித்த உழைப்பெல்லாம் வீண்தான்.

காலம் என்று பார்த்தால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உகந்தது. அப்போது கணவாய் வழியே கீழைக்காற்று பலமாக வீசும், மழையும் குறைவு. தென்மேற்குப் பருவமழையில் படிந்த தூசியில் ஒரு பகுதி கழுவிக்கொண்டு போய்விடும். தேசிய நெடுஞ்சாலை 544இன் ஓரம், காற்று வீசும் திசையில் சற்று உள்ளே ஒரு வீடு, தொலைவில் ஒரு வயல்வரப்புப் பனைமரம் என்று இடத்துக்கு மூன்று பைகள் தொங்கட்டும். வீட்டுக்குள் ஒன்றரை மீட்டர் உயரத்தில், அடுப்புக்கு நேர்மேலாகவும் மின்விசிறிக்கு எதிராகவும் இல்லாமல் கட்டுங்கள். உள்ளே தூசி மெதுவாகவே சேரும் என்பதால் பத்துப் பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். ஒப்பிடுவதற்காக வெளிப்பைகளையும் அதே நாளில் கட்டி, அதே நாளில் அவிழ்க்க வேண்டும்.

விறகு எரித்த நாள், சாம்பிராணி, கொசுவத்தி, வெள்ளையடிப்பு ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். வேறு மாதங்களில் கட்டி, தீபாவளியோ விஷுவோ இடையில் வந்தால் அதையும் எழுதுங்கள். பச்சை வாணத்தில் பேரியமும் சிவப்பில் ஸ்ட்ரான்சியமும் உண்டு.

அவிழ்த்த பைகளைக் கையுறை அணிந்து தனித்தனிக் காகித உறையிலிட்டு, ஜாடியில் வைத்தவற்றோடு, உலோகப் பகுப்பாய்வு வசதியுள்ள கல்லூரி அல்லது பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பாசி கார்பன் மோனாக்சைடையோ ஒரு மணி நேரத்து நுண்துகள் அளவையோ காட்டாது. வாரக்கணக்கில் சேர்ந்த உலோகத்தையே காட்டும். வந்த ஒவ்வொரு அளவிலிருந்தும் ஜாடிப் பையின் அளவைக் கழித்துவிட்டு, உள்பை மதிப்பை வெளிப்பை மதிப்பால் வகுத்துப் பாருங்கள். ஒன்றைவிடக் கூடுதலாக வந்தால், அந்த உலோகத்தின் ஊற்றைச் சாலையில் தேடுவதற்கு முன் குறிப்பேட்டைப் புரட்டி வீட்டுக்குள் தேடுங்கள்.