95-லிருந்து 79-க்கு இறங்கிய கதை

சிங்கப்பூர் யீஷூனில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஏர்கான் போடாத மத்தியானம் அறையே 31 டிகிரி. சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடைகளில் உதிரிகள் வாங்கி நானே பூட்டிய கணினி. எடிட் செய்த வீடியோவை முழுக் கோப்பாக்க ரெண்டர் போட்டால் பத்தே நிமிடத்தில் பிராசசர் 95 டிகிரியைத் தொடும், வேகம் தானாகப் படுத்துவிடும். விசிறி இரைச்சலில் சீரியல் வசனமே கேட்கவில்லை என்று அம்மாவின் புலம்பல் வேறு.

முதலில், பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் மேல்தான் சந்தேகம். கூலரைக் கழற்றினால், காய்ந்த கோலமாவு போல உதிர்ந்தது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு புதிது வைத்தேன். குறைந்தது 5 டிகிரிதான். சரி, அதற்குக் காசு கொஞ்சம்தானே.

அப்புறம்தான் கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸைத் திறந்தேன். மதர்போர்டு 'ஆட்டோ'வில் பிராசசருக்கு 1.35 வோல்ட்டை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தது! வேகம் அதேதான் என்றாலும், சில்லு வேலை செய்யும்போது இழுக்கும் மின்சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது, 1.25-க்கு இறக்கினாலே சுமார் 14 சதவீதம் மிச்சம். பேராசைப்பட்டு 1.20 வைத்தேன், விண்டோஸ் நின்றுபோய் நீலத்திரை காட்டியது. 0.025 வீதம் ஏற்றி, 1.25-இல் ராத்திரி முழுக்க, பிராசசரை முழுச் சுமையில் சோதிக்கும் பிரைம்95 நிரலை ஓட்டினேன். காலையில் பார்த்தால் ஒரு பிழையும் இல்லை.

இப்போது அதே ரெண்டர், அதே மத்தியானம், 79 டிகிரி. அம்மாதான் முதலில் கேட்டார்: "கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிட்டியா?"