அடுத்த வீட்டுக் கிரைண்டரும் என் பகல் தூக்கமும்

நான் நர்ஸ். மாதத்தில் பாதி நாள் ராத்திரி டூட்டி. காலையில் பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்து, குளித்து, நாலு இட்லி சாப்பிட்டுப் படுத்தால் ஒன்பதரைக்குச் சரியாக அடுத்த வீட்டு மைனி கிரைண்டரைப் போட்டுவிடுவார். மாவு வியாபாரம், சாய்க்கிற மாடல், 10 லிட்டர். எங்களுடையது லைன் வீடு. ரெண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே பொதுச் சுவர்.

முதலில் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஜங்ஷனில் 3,200 ரூபாய் கொடுத்து, முட்டை அட்டை மாதிரி மேடு பள்ளமாக இருக்கும் கறுப்பு ஃபோம் வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டினேன். என் அறையில் எதிரொலி அடங்கிற்று. கிரைண்டர் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது! ஃபோம் அறைக்குள் இருக்கிற சத்தத்தைத்தான் உறிஞ்சும். அந்தப்பக்கத்துச் சத்தத்தைத் தடுக்கக் கனம் வேண்டும். வாயை வைத்து ஊதிப் பாருங்கள். காற்று மறுபக்கம் போகிற எந்தப் பொருளும் சத்தத்தையும் விட்டுவிடும். பத்தமடைப் பாயைத் தொங்கவிட்டால் ஆகுமா என்று கூட வேலை பார்க்கிற பிள்ளை கேட்டாள். அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

எதையும் வாங்கும் முன் சத்தம் எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். பேச்சு, டிவி, குக்கர் விசில் எல்லாம் காற்றில் வரும். கிரைண்டர், அம்மி, சுவரில் அடிக்கிற ஆணி இதெல்லாம் தரையிலும் சுவரிலும் ஏறி வரும். நெல்லையப்பர் கோயில் இசைத்தூணைத் தட்டிப் பார்த்தவர்களுக்குக் கல் எப்படிப் பேசும் என்று தெரியும். ஒரு எவர்சில்வர் டம்ளரைச் சுவரில் கவிழ்த்துக் காதை வையுங்கள். உறுமல் டம்ளரில் பலமாகவும் அறையில் லேசாகவும் கேட்டால் அது சுவரில் ஊர்ந்து வருகிறது. சுவரைவிட ஜன்னல், கதவுப் பக்கம் பெரிதாகக் கேட்டால் இடுக்கைத் தேடுங்கள்.

இடுக்குத்தான் முதல் எதிரி. 50 டெசிபல் (சத்தத்தை அளக்கிற அலகு) தடுக்கக்கூடிய சுவரில் நூற்றில் ஒரு பங்கு திறப்பு இருந்தாலே தடுப்பு 20 டெசிபல் அளவுக்கு இறங்கிவிடும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, அந்தப்பக்கம் யாரையாவது செல்போன் டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் சுவிட்ச் போர்டு வழியாக வெளிச்சம் வந்தது. மெயினை அணைத்து, எலக்ட்ரீஷியன் மூடியைக் கழற்றினால் ரெண்டு வீட்டுப் பெட்டியும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கிறது, நடுவில் ஒரு விரல் ஓட்டை. மைனி ஊறப்போட்ட வெந்தயத்தின் வாசனை அப்படியே மூக்கில் ஏறிற்று. என் பக்கத்துப் பெட்டியை ஓரடி தள்ளி வைத்து, பழைய குழியைச் செங்கல் துண்டும் சிமெண்டும் போட்டு அடைத்தோம்.

அடுத்தது மாடாக்குழி. ஒன்பது அங்குலச் சுவரில் விளக்கு வைக்கக் குடைந்த இடத்தில் பாதிக் கனம்தான் மிஞ்சும். கொத்தனாரை வைத்து அதையும் செங்கல் அடுக்கிப் பூசியாயிற்று. விளக்கு இப்போது ஸ்டாண்டில் எரிகிறது. மாமியாருக்கு அதில் இன்னும் வருத்தம். கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை, ஜன்னல் சட்டத்தில் ஒட்டுப் பட்டை. அது அரை நாள் வேலை.

இவ்வளவு செய்தும் உறுமல் போகவில்லை. கடைசியில் மைனியிடமே போய் நின்றேன்.

"ஏட்டி, ரெண்டு வருசமா தூங்காமலா கெடந்த? மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா!"

கிரைண்டர் பொதுச் சுவரில் முதுகு சாய்த்து, வெறும் தரையில் நின்றது. அதை ஒரு முழம் முன்னால் இழுத்தோம். மாட்டுத் தொழுவில் விரிக்கிற கனத்த ரப்பர் பாயில் நாலு துண்டு வெட்டி, காலுக்கு ஒன்றாகக் கொடுத்தோம். ரப்பர் கொஞ்சம் அமுங்க வேண்டும். சப்பையாக நசுங்கினால் பிரயோசனமில்லை, ஒரு துண்டு கூட அடுக்குங்கள். சாய்க்கும்போது ஆடுகிறதா என்று அவசியம் பாருங்கள். மொத்தச் செலவு 300 ரூபாய்க்குள். ஃபோமுக்குக் கொடுத்த காசை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. பக்கத்து வீட்டில் டிவியைப் பொதுச் சுவரில் மாட்டியிருந்தால் அதையும் ஸ்டாண்டுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

கேட்க முடியாத பக்கத்து வீடு என்றால் உங்கள் பக்கம் இன்னொரு சுவர் எழுப்ப வேண்டும். பழைய சுவரைத் தொடாமல் ஒரு அங்குலம் விட்டு ஜிஐ சட்டம் (துத்தநாகம் பூசிய இரும்பு), நடுவில் 2 அங்குல ராக்வூல் (பாறையை உருக்கி இழுத்த பஞ்சு), மேலே ஜிப்சம் போர்டு ரெண்டு அடுக்கு, முதல் அடுக்கின் மூட்டு மேல் அடுக்கின் மூட்டோடு சேராதபடி, ஓரமெல்லாம் இடுக்கை அடைக்கிற சீலண்ட் பசை. ஒரே ஒரு ஸ்க்ரூ பழைய சுவரைப் பிடித்தாலும் அந்த வழியாகச் சத்தம் கடந்துவிடும். அறையில் நாலைந்து அங்குலம் போகும். மரச்சட்டம் வேண்டாம், நம்மூர்க் கரையானுக்கு விருந்து வைத்த மாதிரி ஆகும். சுவரில் ஓதம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். ராக்வூல் வெட்டும்போது முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் போடுங்கள், அரிப்பு எடுக்கும்.

சித்திரை வெயிலில் ஜன்னலை அடைத்துப் படுக்க முடியாது. நான் சத்தம் வருகிற ஜன்னலை மட்டும் அடைத்து, கொல்லைப்பக்க ஜன்னலைத் திறந்துவைத்து, ஃபேனை வேகமாகச் சுழல விடுகிறேன்.

குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் வைத்த அளவு பகலில் 55 டெசிபல், ராத்திரி 45. ராத்திரி 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கென்று அரசு வருடத்தில் சில நாள் நள்ளிரவு வரை தளர்த்தலாம். தெருமுனைச் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் குழாய் ஒலிபெருக்கி கட்டினால் ஜிப்சம் போர்டு என்ன, கோட்டைச் சுவரே நிற்காது. கொடை அன்றைக்கு ராத்திரி டூட்டியை நானே கேட்டு வாங்கிக்கொள்வேன். மறுநாள் பகலில் தெருவே தூங்கும். மைனியும் மாவு ஆட்டமாட்டார்.