சுற்றுச்சுவரில் பாசியும் பெரணியும் வளர்ப்பது எப்படி?

பாசி பிடித்த சுவரைக் கண்டதும் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடிக்கிறோம். எனக்கு அந்தப் பச்சை மேல் தீராத ஆசை. நீங்களும் வளர்த்துப் பாருங்கள். ஐப்பசி முதல் மழைக்குத் தயாராக இருந்தால் போதும்.

1. சுவரைத் தேர்ந்தெடுங்கள்

வடக்கு பார்த்த சுவர்தான் வேண்டும். தோட்டத்தின் தெற்கு எல்லைச் சுவருடைய உள்பக்கம் அப்படித்தான் இருக்கும். செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் அந்த முகத்தில் நேர்வெயில் படாது. நம் வடகிழக்குப் பருவமழையும் அதே மாதங்களில்தான். நிழலும் ஈரமும் சேர்ந்து கிடைக்கிற இந்த வாய்ப்பை விட்டால் அடுத்த வருஷம்தான்.

பூசாத பழைய செங்கல் சுவர் அருமை. புது சிமெண்டில் காரம் அதிகம், ஒரு மழைக்காலம் போகட்டும். பெயிண்ட் அடித்த சுவர் வேண்டாம். வீட்டுச் சுவரும் வேண்டாம், ஈரம் உள்ளே இறங்கும்.

2. பாசி சேகரியுங்கள்

மரத்தடிப் பாசி சுவரில் நிற்காது. செங்கல்லிலோ மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலோ வளர்ந்ததைக் கரண்டியால் வழித்தெடுங்கள். ஒரு கைப்பிடி போதும். பாசிக்கு உண்மையான வேர் கிடையாது, உதிர்ந்த துணுக்கிலிருந்தே புதிதாக வளரும்.

3. பூசுங்கள்

சுவரைக் கம்பி பிரஷால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி நனையுங்கள். பாசியை உதிர்த்து, களிமண்ணும் மழைநீரும் சேர்த்துத் தோசைமாவுப் பதத்தில் கரைத்துப் பூசுங்கள். மோர் கலக்கச் சொல்வார்கள். நம் ஊர் வெக்கையில் பூசணம்தான் பிடிக்கும், நான் சேர்ப்பதில்லை.

4. ஈரம் காயாமல் பாருங்கள்

மழை இல்லாத நாட்களில் காலையும் மாலையும் ஸ்பிரே பாட்டிலால் தெளியுங்கள். உப்பான போர் தண்ணீர் வெள்ளைப் படிவம் விடும், பிடித்துவைத்த மழைநீரே நல்லது. ஒன்றிரண்டு மாதம் பொறுமை வேண்டும்.

5. அப்புறம் பெரணி

கிணற்றுச் சுவர்ப் பெரணி இலையின் அடியில் பழுப்பு வரிகள் இருக்கும், அவை வித்துப்பைகள். அந்த இலையைக் காகித உறையில் இரண்டு நாள் வைத்தால் தூள் உதிரும். அதை ஈரப்பாசி மேல் தூவுங்கள். முதலில் சின்னப் பச்சைத் தகடுகள் தெரியும், சில மாதம் கழித்துத்தான் இலை சுருள்விரியும்.

காக்கை எச்சத்தில் வந்த அரசு, ஆலங்கன்று தென்பட்டால் இரண்டு இலையிலேயே பிடுங்கிவிடுங்கள். வேர் இறங்கிவிட்டால் சுவர் பிளக்கும்.

சித்திரையில் பாசி கருத்துக் காய்ந்துவிடும். செத்துப்போச்சு என்று சுரண்டிவிடாதீர்கள். கோடைமழை ஒன்று பெய்யட்டும், சற்று நேரத்திலேயே பச்சை திரும்பும்.